ஆங்கிலம் கற்க இலக்கணம் வேண்டுமா?

இலக்கணத்தை ஒதுக்கிப் பேச்சுப் பயிற்சியினாலேயே ஆங்கிலத்தைக் கற்பித்துவிடலாம் என்பார் பலர். வீட்டிலும் வெளியிலும் அம்மொழியைக் கேட்டு வளரும் குழந்தைக்கு அது பொருந்தும். சில பாடவேளைகளில் மாத்திரம் அதனைக் கேட்கும் கிராமத்துப் பிள்ளை என் செய்வான்?

தமிழிலே ‘போகிறேன்’, ‘போகிறாய்’, ‘போகிறான்’ என வினையின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ ‘ஐ கோ’, ‘யூ கோ’ என மாறாது நிற்கும் வினை, ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ என்பவற்றோடு ‘கோஸ்’ என்றாகிறது. நம் மாணவன் ‘ஹீ கோ’ என்றெழுதுவது சோம்பலாலன்று. ஈற்றிலுள்ள அச்சிற்றொலிக்கு அங்கே என்ன வேலை என்பது அவனுக்குப் புலப்படவில்லை. இரு மொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள், விரைவில் விளங்கிக்கொள்வான். பெயருக்கு முன் வரும் ‘ஏ’ என்பதற்கு நமது ‘ஒரு’ ஓரளவு துணைசெய்யும். ‘த’ என்பதற்கு நிகரான தனிச்சொல் தமிழில் இல்லை. ஆசிரியர் நெடிது நிற்கவேண்டிய இடம் அதுவே.

ஆனால் வரைவிலக்கணங்களை ஒப்புவிப்பது இலக்கணக் கல்வியாகாது. 1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட புகழ்பெற்ற இலக்கணநூல், இங்கிலாந்தின் யோர்க் நகரத்துப் பெண்கள் பாடசாலையொன்றிற்காக எழுதப்பட்டது. அம்மாணவியர் ஆங்கிலம் பேசத் தெரிந்த பின்னரே விதிகளை மனனஞ் செய்தனர். நம் பிள்ளைகளோ மொழி வருமுன்னரே விதிகளைச் சுமக்கின்றனர். (பெற்றோரும் அதனைக் கேட்டு மகிழ்கின்றனர்!) பிள்ளை எழுதிய கடிதத்திலுள்ள பிழையொன்றை எடுத்து, அன்றைய இலக்கணப் பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.