அமெரிக்கக் கல்லூரி சீட்: சரக்கு குறைந்ததா, வரிசை நீண்டதா?

சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் பேர் பெற்ற கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். அங்கே நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் இடமாம். ஒரு ஏஜெண்ட் ஐந்து லட்சம் கட்டினால் சீட் உறுதி என்கிறார். கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

எடை பார்க்காமல் எந்தச் சரக்கையும் வாங்காதவர்கள் நாம். பிள்ளை படிப்பு என்றதும் தராசை மறந்துவிடுகிறோம். அந்த 'நூற்றுக்கு நாலு' என்ற கணக்கைக் கொஞ்சம் நிறுத்துப் பார்ப்போம்.

சரக்கு அதே அளவுதான்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2020-ல் அங்கே விண்ணப்பித்தவர்கள் 40,248 பேர். இடம் கிடைத்தவர்கள் 1,980 பேர். மறு ஆண்டு 57,435 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் 1,968 பேருக்கு. 2024-ல் 54,008 பேருக்கு 1,937 இடம். கொடுக்கும் இடம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. ஒரே ஆண்டில் கடை முன்னால் நிற்கும் வரிசைதான் பதினேழாயிரம் பேர் நீண்டுவிட்டது. அதனால் நூற்றுக்கு ஐந்து என்றிருந்த விகிதம் மூன்றரைக்கு இறங்கியது.

வரிசை ஏன் நீண்டது?

முதல் காரணம் பொது விண்ணப்பம். 1975-ல் 15 கல்லூரிகள் கூடி, எல்லோருக்கும் ஒரே படிவம் என்று தொடங்கினார்கள். 1998-ல் அது கணினிக்கு வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் சேர்ந்துள்ளன. ஒரு மாணவர் அதன் வழியாக 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். ஒரே ஆள் இருபது கடையில் வரிசை போட்டால் எல்லாக் கடையிலும் கூட்டம் தெரியும். ஆனால் அவர் வாங்கப்போவது ஒரே கடையில்தான்!

இரண்டாவது, 2020-ல் கொரோனா வந்ததும் எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று பெரும்பாலான கல்லூரிகள் அறிவித்தன. மதிப்பெண் போதாது என்று ஒதுங்கியிருந்தவர்களும் போட்டுப் பார்ப்போம் என்று வந்தார்கள். பிறகு எம்.ஐ.டி. 2022-லும், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு ஆகியவை 2024-லும் தேர்வு மீண்டும் கட்டாயம் என்று அறிவித்தன.

மூன்றாவது, கூட்டத்தையே விளம்பரமாக்கும் பழக்கம். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு ரேங்க் போடும் ஒரு பத்திரிகை, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் 2018 வரை மதிப்பில் சேர்த்துவந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூற்றுக்கு 40 பேரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் பொது விண்ணப்பத்தில் சேர்ந்து, ஊர் ஊராக ஆள் பிடித்து, நூற்றுக்கு ஐந்தாறு என்ற நிலைக்கு வந்தது. பாடமும் பேராசிரியர்களும் அன்றும் தரமானவைதான்.

இந்தப் பரபரப்பு வேண்டாம் என்று ஸ்டான்போர்டு 2018-ல் விகிதத்தை அறிவிப்பதையே நிறுத்திக்கொண்டது.

முன்பதிவும் பின்வாசலும்

'சேர்த்துக்கொண்டால் கட்டாயம் வருவேன்' என்று எழுதிக் கொடுத்து, நவம்பரிலேயே விண்ணப்பிக்கும் முறை பல கல்லூரிகளில் உண்டு. வாங்குபவர் உறுதி என்பதால் கல்லூரிக்கு இது லாபம். இதில் தேர்வு விகிதமும் கூடுதலாகவே தெரியும். ஆனால் விளையாட்டுக்காக ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டவர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இதில்தான் அதிகம் வருவார்கள். மேலும் ஒரே கடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் நாலு கடையில் விலை விசாரிக்க முடியாது. உதவித்தொகை தேவைப்படும் குடும்பம் இதை யோசித்தே செய்ய வேண்டும்.

பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா? ஹார்வர்டு மீது தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, அப்படிப்பட்டவர்களில் மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு நூற்றுக்கு ஆறு. அந்த வழக்கில்தான் 2023 ஜூனில், சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணம் கொடுத்துக் குறுக்கு வழியில் நுழைந்த கதையும் உண்டு. 2019-ல் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பாய்ந்தது. போலி விளையாட்டுச் சான்று, ஆள் மாற்றித் தேர்வு என்று எல்லாம் வெளிவந்தது. பெற்றோர் பலர் சிறைக்குப் போனார்கள். ஏற்பாடு செய்த தரகருக்கு 2023-ல் மூன்றரை ஆண்டு தண்டனை. 'சீட் உறுதி' என்று சொல்பவரைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். கல்லூரிக்கு வெளியே உள்ள யாராலும் அந்த உறுதியைத் தர முடியாது.

நம் கல்லாவுக்கு ஏற்ற கணக்கு

இந்தக் கல்லூரிகளில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும்; நம் பணத்தில் சுமார் 70 லட்சம். நாலு ஆண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில கல்லூரிகள் மட்டுமே வெளிநாட்டுப் பிள்ளையின் பண வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவையான உதவியும் தருகின்றன. மற்றவை பெரும்பாலும், இவர் பணம் கட்டுவாரா என்று பார்த்தே முடிவு செய்யும். எனவே பத்திரிகையில் வரும் விகிதம் நம் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டவருக்கான விகிதம் பொது விகிதத்தைவிடக் குறைவு.

அதற்காக மனம் தளர வேண்டாம். நூற்றுக்கு நாலு என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளின் கதை. அமெரிக்காவின் நாலாண்டுக் கல்லூரிகளில் பாதிக்கு மேல், வருகிற மூவரில் இருவரையாவது சேர்த்துக்கொள்கின்றன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பத்தில் ஒன்பது பேருக்கு இடம் தருகிறது. பொறியியலில் நல்ல பெயரும் உண்டு.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2023-24-ல் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் இளநிலைப் பட்டம் படித்தவர்கள் 36,053 பேர் மட்டுமே. பெரும்பாலோர் இங்கே பட்டம் முடித்து, மேற்படிப்புக்குப் போனவர்கள். முதல் பாதியை உள்ளூரில் முடித்தால் முதலும் பாதியாகக் குறையும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கவில்லை. மகளே படிவத்தை நிரப்பி வருகிறாள். உதவித்தொகை தரும் மூன்று கல்லூரிகள், எளிதில் இடம் தரும் இரண்டு, நம் ஊர்ப் பக்கம் ஒன்று என்று பட்டியல் போட்டிருக்கிறாள். "கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் கடையை அடகு வைக்காதீங்க அப்பா" என்றாளாம்.

நீண்ட வரிசையைப் பார்த்து மட்டும் சரக்கின் தரத்தை முடிவு செய்யும் வியாபாரி நஷ்டப்படுவார். பிள்ளைகளின் படிப்பிலும் அதே விதிதான் என்பதை நாம் மறக்க வேண்டாம்.