ஒரே கிண்ணமா, தனித்தனிக் கிண்ணமா? தேவாலயத் திருவிருந்து பற்றித் தெரிந்துகொள்வோம்

கத்தோலிக்க நண்பரைக் கேட்டால் "நற்கருணை" என்பார். அவருடைய பாட்டி "நன்மை வாங்குறது" என்பார். மெத்தடிஸ்ட், லூத்தரன் நண்பர்கள் "திருவிருந்து" என்பார்கள். பழைய தலைமுறையினர் "இராப்போஜனம்" என்பார்கள். சகோதரர் சபையில் "அப்பம் பிட்குதல்".

பெயர்தான் வேறு வேறு. எல்லாமே ஒரே சடங்கைத்தான் குறிக்கின்றன. கொஞ்சம் அப்பம், கொஞ்சம் திராட்சை ரசம். அவ்வளவுதான்.

ஆனால் அதைப் பரிமாறும் விதம் இருக்கே... அது சபைக்குச் சபை மாறுது! ஓரிடத்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். இன்னோரிடத்தில் விரல் அளவுக் குட்டிக் கிண்ணம் ஆளுக்கு ஒன்று. வேறோரிடத்தில் கரண்டி. சில இடங்களில் கிண்ணமே மக்களிடம் வருவதில்லை.

ஏன் இத்தனை வித்தியாசம்? சும்மா வசதிக்காகவா? இல்லை. இந்தக் கிண்ணத்தை முன்னிட்டு ஐரோப்பாவில் போரே நடந்திருக்கிறது!

இது எங்கிருந்து வந்தது?

இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவு தம் சீடர்களுடன் கடைசியாக உணவு உண்டார். அப்போது அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தார். கிண்ணத்தை எடுத்து எல்லாரையும் பருகச் சொன்னார். இவை தம்முடைய உடல், இரத்தம் என்றார். தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னார் என்று பைபிள் சொல்கிறது.

அந்த இரவைத்தான் கிறிஸ்துவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அதன் பொருளைப் புரிந்துகொள்வதில் கருத்து வேறுபாடு உண்டு.

- கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ்: அப்பமும் ரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன.
- லூத்தரன்: அப்பம் அப்பமாகவே இருக்கிறது. ஆனால் அதோடு கிறிஸ்துவின் உடலும் உண்மையாகவே இருக்கிறது.
- பாப்டிஸ்ட், சகோதரர் சபை, பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள்: இது ஒரு நினைவுகூரல். அப்பமும் ரசமும் அடையாளங்கள்.
- ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன்: கிறிஸ்து உண்மையாகவே அங்கே இருக்கிறார். எப்படி என்பதைப் பலர் பலவிதமாக விளக்குவார்கள்.

இது தெரிஞ்சா மற்றதெல்லாம் புரிஞ்சிடும். கிண்ணத்தில் இருப்பது கிறிஸ்துவின் இரத்தமே என்று நம்பினால், ஒரு துளி கீழே சிந்தினாலும் அது பெரிய விஷயம். மிஞ்சியதைக் கொட்ட முடியாது. அடையாளம் என்று நம்பினால், சிந்தியதைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

யார் எப்படிப் பரிமாறுகிறார்கள்?

கத்தோலிக்கத் திருச்சபை: புளிப்பில்லாத கோதுமை அப்பம். மெல்லிய, வட்டமான தகடு போல இருக்கும். மக்கள் வரிசையில் வந்து கையிலோ நாக்கிலோ பெறுவார்கள். பல இடங்களில் ஞாயிறு திருப்பலியில் மக்களுக்கு அப்பம் மட்டுமே. ரசத்தைக் குருவானவர் அருந்துவார்.

ஆர்த்தடாக்ஸ் சபைகள்: கிரேக்க, ரஷ்ய மரபில் புளித்த மாவில் செய்த அப்பம். அதைத் துண்டுகளாக்கி ரசத்தில் போட்டு, சிறிய கரண்டியால் வாயில் ஊட்டுவார்கள். கைக்குழந்தைக்கும் உண்டு. எல்லாருக்கும் ஒரே கரண்டி என்பதே மரபு.

ஆங்கிலிக்கன் சபை: மரபுப்படி பலிபீடத்தின் முன் முழந்தாளிட்டு, முதலில் அப்பம், பிறகு ஒரே கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு. ஒவ்வொருவரும் அருந்தியதும் விளிம்பைத் துணியால் துடைத்து, கிண்ணத்தைச் சற்றுச் சுழற்றி அடுத்தவரிடம் நீட்டுவார்கள். சிலர் அப்பத்தை ரசத்தில் நனைத்து உண்பதும் உண்டு.

மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே: பெரும்பாலும் குட்டிக் கிண்ணங்கள். உள்ளே இருப்பது பல இடங்களில் மது கலக்காத திராட்சைச் சாறு. சில சபைகளில் தட்டு இருக்கைக்கு இருக்கை வரும். எல்லாரும் காத்திருந்து ஒரே நேரத்தில் அருந்துவார்கள்.

குவேக்கர்கள், இரட்சணிய சேனை: இவர்கள் இந்தச் சடங்கையே நடத்துவதில்லை. வாழ்க்கை முழுவதும் கடவுளோடு ஒன்றித்திருப்பதே முக்கியம், தனிச் சடங்கு தேவையில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.

கிண்ணத்துக்காக ஒரு போர்

தொடக்க நூற்றாண்டுகளில் மக்கள் அப்பம், ரசம் இரண்டையும் பெற்றார்கள். இடைக்கால ஐரோப்பாவில் மெல்ல மெல்லக் கிண்ணம் குருக்களுக்கு மட்டும் என்றானது. சிந்திவிடுமோ என்ற அச்சம் ஒரு முக்கியக் காரணம். அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார், எனவே மக்களுக்கு எதுவும் குறையவில்லை என்று இறையியலாளர்கள் விளக்கினார்கள்.

இன்றைய செக் நாட்டில் அதைப் பலர் ஏற்கவில்லை. "எல்லாரும் பருகுங்கள் என்றுதானே சொல்லப்பட்டது? எங்களுக்கு ஏன் இல்லை?" இதுதான் அவர்கள் கேள்வி.

1414-இல் பிராக் நகரில் பொதுமக்களுக்கும் கிண்ணம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1415 ஜூன் மாதம் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் அதற்குத் தடை போட்டது. அடுத்த மாதம், ஜூலை 6-ஆம் தேதி, அந்த ஊரின் புகழ்பெற்ற போதகர் யான் ஹுஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் பல. ஆனால் அவரைப் பின்பற்றியவர்களின் கொடியில் ஏறிய சின்னம் எது தெரியுமா? கிண்ணம்!

1419-இல் தொடங்கிய போர்கள் பல ஆண்டுகள் நீடித்தன. 1436-இல் ஏற்பட்ட உடன்பாட்டில், கேட்கும் மக்களுக்குக் கிண்ணம் கொடுக்க அனுமதி கிடைத்தது.

அடுத்த நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சீர்திருத்த இயக்கமும் கிண்ணத்தை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1960-களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, சில சூழல்களில் மக்களும் கிண்ணத்திலிருந்து அருந்தலாம் என்று வழிவிட்டது.

கிருமி வந்தது... கிண்ணம் பிரிந்தது

குட்டிக் கிண்ணங்களின் பிறப்பிடம் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா.

முதலில் மாறியது உள்ளே இருந்த ரசம். மது ஒழிப்பு இயக்கம் வலுவாக இருந்த காலம் அது. மது வேண்டாம் என்று பிரசாரம் செய்யும் சபை, ஞாயிற்றுக்கிழமை மது கொடுக்கலாமா? 1869-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த பல் மருத்துவரும் மெத்தடிஸ்டுமான தாமஸ் வெல்ச், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் வழியைக் கண்டறிந்தார். திருவிருந்துக்காகத் தொடங்கிய அந்த முயற்சிதான் பின்னாளில் 'வெல்ச்ஸ்' பழச்சாறு நிறுவனமாக வளர்ந்தது.

அடுத்து மாறியது கிண்ணம். 1882-இல் காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோஹ் கண்டுபிடித்தார். அன்று காசநோய் ஆயிரக்கணக்கானோரைப் பலி வாங்கிக்கொண்டிருந்தது. "இருமுகிறவர் குடித்த கிண்ணத்தில் நாம் எப்படிக் குடிப்பது?" என்ற கேள்வி தேவாலயங்களில் எழுந்தது. ஓஹையோ மாநிலத்தில் மருத்துவராகவும் போதகராகவும் இருந்த ஜான் தாமஸ், தனித்தனிக் கிண்ணங்களுக்கான கருவிக்கு 1894-இல் காப்புரிமை பெற்றார்.

எல்லாரும் கைதட்டினார்களா? இல்லை. "இயேசு கொடுத்தது ஒரு கிண்ணம், நாற்பது கிண்ணம் இல்லை" என்றது ஒரு தரப்பு. "இது கிருமிப் பயமா, இல்லை பக்கத்தில் இருக்கும் ஏழையோடு குடிக்க மனமில்லையா?" என்றும் சிலர் கேட்டார்கள். அமெரிக்காவின் கிறிஸ்துவின் சபைகளில் இந்தப் பிரச்சினையால் பிளவே ஏற்பட்டது. ஒரு சபைக்கு ஒரே கிண்ணம்தான் என்று உறுதியாக இருக்கும் சபைகள் அங்கே இன்றும் உண்டு.

சரி, ஒரே கிண்ணத்தில் குடித்தால் நோய் வருமா?

உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். வெள்ளிக் கிண்ணமும் மதுவும் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை முழுசா நம்ப வேண்டாம். மது அருந்தும் ரசத்தில் குறைவு, கிண்ணம் அடுத்தவரிடம் போகும் நேரமும் சில விநாடிகள்தான். கிருமிகள் தப்பிப் பிழைக்கும் என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. துணியால் துடைப்பது அவற்றைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை.

அதே சமயம், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆய்வாளர்கள் 1998-இல் இன்னொன்றையும் சொன்னார்கள். பொதுக் கிண்ணத்தால் நோய் பரவியதாக அதுவரை ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை. அபாயம் இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு.

"அப்போ நனைச்சுச் சாப்பிட்டா பாதுகாப்புதானே?" அதுவும் நிச்சயமில்லை. அப்பத்தோடு விரல் நுனியும் ரசத்தில் படலாம். பல நேரங்களில் உதட்டைவிடக் கையில்தான் அழுக்கு அதிகம்.

காய்ச்சல், சளி, வாய்ப்புண் இருந்தால் பொதுக் கிண்ணத்தைத் தவிர்ப்பது நல்லது. அப்பம் மட்டும் பெற்றாலும் திருவிருந்து முழுமையானதே என்று கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகள் சொல்கின்றன.

கிண்ணம் மட்டுமே தேவைப்படுகிறவர்களும் உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் அவர்கள். கத்தோலிக்க விதிப்படி அப்பத்தில் கோதுமை இருந்தே ஆக வேண்டும். குளூட்டன் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, அறவே இல்லாததற்கு இல்லை. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் ரசத்தை மட்டும் பெறலாம்.

தமிழ்நாட்டில் எழுந்த கேள்வி

யாரோடு சேர்ந்து அருந்துவது என்ற கேள்வி நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் அதைக் கிளப்பியது கிருமி அல்ல, சாதி.

தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் இருந்த பழைய புராட்டஸ்டன்ட் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. திருவிருந்து பெறுவதிலும் யார் முன், யார் பின் என்ற வரிசை இருந்தது. சாதி வேறுபாடு சபைக்குள் இருக்கக் கூடாது என்று 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் கடிதம் எழுதினார். அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் புகழ்பெற்ற கிறிஸ்துவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர்.

ஒரே கிண்ணத்தை ஏன் சிலர் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள் என்பது இங்கே புரியும். தண்ணீர்ப் பானையைக்கூடப் பிரித்து வைத்த சமூகத்தில், முன்பின் தெரியாதவர் உதடு பட்ட கிண்ணத்தில் உதடு வைப்பது சாதாரணச் செயல் அல்ல.

கோவிட்-19 காலத்தில்...

நோய்ப்பரவல் காலத்தில் கிண்ணத்தை நிறுத்தி வைப்பது புதிதல்ல. 2009-இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோது இங்கிலாந்து திருச்சபையின் பேராயர்கள் பொதுக் கிண்ணத்தைத் தற்காலிகமாக நிறுத்தப் பரிந்துரைத்தார்கள்.

2020-இல் நிலைமை அதைவிட மோசம். சிங்கப்பூரில் கத்தோலிக்கத் திருச்சபை பிப்ரவரி 15 முதல் பொதுத் திருப்பலிகளையே நிறுத்தியது. கிண்ணம் இருக்கட்டும், ஒன்றுகூடவே முடியவில்லை! ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஒவ்வொருவருக்குப் பிறகும் கரண்டியை ஆல்கஹாலால் துடைக்கச் சொன்னது. பல புராட்டஸ்டன்ட் சபைகள் சாறும் அப்பமும் ஒன்றாக அடைக்கப்பட்ட சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களுக்கு மாறின. திரையைப் பார்த்தபடி வீட்டிலேயே அப்பமும் சாறும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

திரைக்கு முன் தனியாக அருந்துவது திருவிருந்தாகுமா? சில சபைகள் ஆகும் என்றன. சில சபைகள் ஆகாது என்றன. விவாதம் இன்னும் முடியவில்லை.

நண்பரின் தேவாலயத்துக்குப் போகிறீர்களா?

திருமணம், ஞானஸ்நானம், இறுதிச்சடங்கு... எப்போதாவது அழைப்பு வரலாம். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

- கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ்: அந்தந்தத் திருச்சபையினர் மட்டுமே பெறுவார்கள். வேறு சபைக் கிறிஸ்துவர்களுக்கும் பொதுவாக இல்லை. இருக்கையிலேயே அமர்ந்திருப்பது தவறில்லை. பல கத்தோலிக்கத் தேவாலயங்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்தபடி வரிசையில் சென்றால் ஆசி மட்டும் தருவார்கள்.
- ஆங்கிலிக்கன், புராட்டஸ்டன்ட் சபைகள்: பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்ற எந்தக் கிறிஸ்துவரும் பெறலாம். மெத்தடிஸ்ட் சபைகள் இன்னும் தாராளம். போதகர் முன்கூட்டியே அறிவிப்பார், கவனியுங்கள்.
- தட்டு உங்கள் பக்கம் வந்தால்: வேண்டாமென்றால் எதையும் எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.
- வாங்கிக்கொண்டு பையில் வைக்காதீர்கள்: குறிப்பாகக் கத்தோலிக்க அப்பத்தை. அவர்களுக்கு அது வெறும் தின்பண்டம் அல்ல.
- சந்தேகமா? நண்பரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனிக் கிண்ணம் கேட்டவர்கள் பக்கத்தில் இருப்பவரின் உடல்நலத்தை நினைத்தார்கள். ஒரே கிண்ணம் கேட்டவர்கள் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து விலகிவிடக் கூடாது என்று நினைத்தார்கள். அடுத்த முறை தட்டு நிறையக் குட்டிக் கிண்ணங்களையோ பளபளக்கும் ஒற்றைக் கிண்ணத்தையோ பார்த்தால், இந்தச் சபை இதை ஏன் தேர்ந்தெடுத்தது என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். சுவையான கதை ஒன்று கிடைக்கலாம்.