டண்டீ சணல் ஆலை அருங்காட்சியகம்: இந்திய மாணவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் படிக்கச் செல்லும் இந்திய மாணவர்கள், அங்குள்ள வெர்டன்ட் ஒர்க்ஸ் அருங்காட்சியகத்தில் காணும் மூலப்பொருள் அவர்களுக்குப் புதியதன்று. அரிசி மூட்டையாக ஊரில் பார்த்துப் பழகிய அதே சணல்தான்.

1833ஆம் ஆண்டில் ஆளி நார் ஆலையாகக் கட்டப்பட்ட இத்தொழிற்சாலை, பின்னர் சணலுக்கு மாறியது. டண்டீ பாரம்பரிய அறக்கட்டளை 1991இல் இதை வாங்கிச் சீரமைத்தது. 1996இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

வங்காளத்தில் விளைந்த சணல் கடல் கடந்து இங்கு வந்ததற்கு ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. சணல் நார் முரடானது. இயந்திரத்தில் நூற்கும்போது அறுந்துவிடும். நீருடன் திமிங்கில எண்ணெய் கலந்து ஊறவைத்தால் அது மென்மையாகும் என்பது 1830களில் தெளிவானது. டண்டீயோ திமிங்கில வேட்டைக் கப்பல்களின் துறைமுகம். எண்ணெய்க்குக் குறைவில்லை. 1853இல் தொடங்கிய கிரிமியப் போரால் ரஷ்ய ஆளி நாரின் வரத்து பாதிக்கப்பட்டபோது, சணலுக்கான தேவை மேலும் பெருகியது.

ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுக்குக் கூலி குறைவு என்பதே அதற்குக் காரணம். வளர்ந்த ஆணுக்குரிய கூலி தரவேண்டிய வயதை எட்டியதும் சிறுவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். வேலையின்றி வீட்டில் இருந்த ஆண்களை ‘கெட்டிலில் நீர் கொதிக்க வைப்பவர்கள்’ என்று ஊரார் கேலி செய்தனர். தறிகளின் இரைச்சலில் பலர் செவித்திறன் இழந்தனர். உதட்டசைவையும் கைச்சைகையையும் கொண்டே பேசிக்கொண்டனர். பழைய இயந்திரங்கள் பார்வையாளர்களுக்காக இயக்கிக் காட்டப்படும்போது அதன் காரணம் புரியும்.

இந்தக் கதையின் மறுபாதி ஹூக்ளி நதிக்கரையில் உள்ளது. டண்டீயிலிருந்து தருவிக்கப்பட்ட இயந்திரங்களைக் கொண்டு, 1855இல் கொல்கத்தா அருகேயுள்ள ரிஷ்ராவில் ஜார்ஜ் ஆக்லண்ட் என்பவர் முதல் ஆலையை நிறுவினார். டண்டீயின் மேற்பார்வையாளர்களும் பொறியாளர்களும் வங்காளத்துக்குப் பணிக்கு வந்தனர். பயிர் விளையும் இடத்திலேயே, குறைந்த கூலியில் சாக்கு நெய்த ஆலைகள் அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் டண்டீயை முந்தின. டண்டீ தனக்கான போட்டியைத் தானே அனுப்பி வைத்தது எனலாம்.

1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியாவிலும், சணல் வயல்களின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் சிக்கின. டண்டீக்குக் கடைசிச் சணல் சரக்கை ஏற்றிச் சென்ற வங்கதேசக் கப்பல் 1998இல் அங்கு சேர்ந்தது.

ஹூக்ளிக் கரையில் ஆலைகள் இன்னும் இயங்குகின்றன. 1987ஆம் ஆண்டின் சணல் பொதிகட்டுதல் சட்டத்தின்கீழ், உணவு தானியங்களையும் சர்க்கரையில் 20 விழுக்காட்டையும் சணல் பைகளில் கட்டவேண்டும் என மத்திய அரசு விதித்துள்ளது. மலிவான பிளாஸ்டிக் சாக்குகளுக்கு எதிரே, இந்த ஆலைகளுக்குக் கிடைக்கும் கொள்முதலின் பெரும்பகுதி அந்த விதியை நம்பியே உள்ளது.