பிக்கப் வண்டியின் மூச்சுக் குழாய்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் வட்டாரத்தார் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஆறுமுகநேரிக்கு அடுத்துள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நமது மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைக் காட்டிலும் இது மிகுதி. தாமிரபரணியும் குளங்களும் கரை கடந்து ஏரல், ஆத்தூர், முக்காணி பக்கங்களில் வாழையையும் வெற்றிலைக் கொடிக்காலையும் மூழ்கடித்தன. வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் நின்றிருந்த வண்டிகளும் அவற்றோடு மூழ்கின.

அதற்குப் பின்னர் அங்கத்தினரிடையே ஒரு பழக்கம் தலைகாட்டியிருக்கிறது. பிக்கப் வண்டி, அதிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வைத்திருப்போர் சிலர், எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழியை வீட்டுக் கொட்டகையிலேயே அறுத்து மாற்றிக் கூரை உயரத்துக்கு ஒரு குழாயை நிறுத்திக்கொள்கின்றனர். வேறு சிலர் காற்று வடிகட்டிப் பெட்டியையே கழற்றி ஒதுக்கிவிட்டு, கடையில் விற்கும் கூம்பு வடிவ வடிகட்டியைப் பொருத்தி, “வண்டி நன்றாக இழுக்கிறது” என்று மகிழ்கின்றனர். முதலாவது செயல் ஒழுங்காகச் செய்யப்பட்டால் பயன் தருவது. இரண்டாவது நமது கடற்கரைக்குச் சற்றும் ஒவ்வாதது. இதன் காரணங்களை அறிந்துகொள்வது, கடன் வாங்கி வண்டி எடுத்த ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சின் குடிப்பது டீசல் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது குடிப்பதில் மிகப் பெரும் பங்கு காற்றுதான். 1 லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். அது முழுவதும் எரிவதற்கு அதன் எடையைப் போல் 14½ மடங்கு, அதாவது 12 கிலோ காற்று வேண்டும். அளவாகச் சொன்னால் 10,000 லிட்டர். இது குறைந்தபட்சக் கணக்கே. டீசல் எஞ்சின் இதைவிட மிகுதியாகவே காற்றை இழுக்கும். 2½ லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது, டர்போ இல்லாமலே, மணிக்கு 150 கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 0.1 கிராம் புழுதி இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 15 கிராம் மண் எஞ்சினின் வாசலுக்கு வந்து சேர்கிறது. ஆடிக் காற்றில் குதிரைமொழித் தேரியின் ஓரமாக வண்டி ஓட்டியவர்கள், இக்கணக்கு மிகை என்று சொல்ல மாட்டார்கள். தேரி மண்ணின் நுண்துகள் சிலிண்டரில் எண்ணெயோடு கலந்தால், பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் பசை எதுவோ அதுவாகவே ஆகிவிடும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கும்.

இனி நீரின் விஷயம். 2½ லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 625 மில்லி கொள்ளும். டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய 17-இல் ஒரு பங்காக நசுக்குகிறது. ஆகவே பிஸ்டன் உச்சிக்குச் சென்று நிற்கும்போது அதன் மேல் எஞ்சியிருக்கும் இடம் 40 மில்லிக்கும் சற்றுக் குறைவு. மூன்று மேஜைக்கரண்டி நீரே அதை நிரப்பப் போதும். காற்று நசுங்கும், நீர் நசுங்காது. ஓடுகிற எஞ்சினுக்குள் அவ்வளவு நீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் பாறையில் மோதியதுபோல் நின்றுவிடும், கனெக்டிங் ராடு வளையும், சில வேளை பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளிவரும். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற நம் கடலில், கடைசியாக 1961-இல் நடந்த முத்துக்குளிப்பு வரையில், மூழ்கியவர்கள் குழாய் ஏதுமின்றி மூச்சை அடக்கியே சிப்பி எடுத்தார்கள். எஞ்சினுக்கு அந்த வித்தை தெரியாது.

ஆகவே அங்கத்தினர் முதலில் செய்ய வேண்டியது, தங்கள் வண்டியின் மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். பானெட்டைத் திறந்து, வடிகட்டிப் பெட்டியிலிருந்து முன்னோக்கிச் செல்லும் குழாயைப் பின்தொடர்ந்தால், அது பெரும்பாலும் முன்விளக்கின் பின்புறத்திலோ மட்கார்டின் உட்புறத்திலோ முடியும். அதன் வாய் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப்பினால் அளந்து, ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அந்த உயரம் வரை நீரில் இறங்கலாம் என்பது இதன் பொருளன்று. வண்டி முன்னேறும்போது நீர் முகப்பில் அலையாக எழும்பும். எதிரே ஒரு லாரி வந்தால் அந்த அலை இன்னும் உயரும். வண்டியின் கைப்புத்தகத்தில் நீரில் செல்லத்தக்க ஆழம் குறிக்கப்பட்டிருந்தால் அதையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.

மூக்கை உயர்த்துவது புதுமையான யோசனையன்று. டிராக்டரைப் பாருங்கள்: அதன் காற்றுக் குழாய் பானெட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது, பல டிராக்டர்களில் அதன் தலையில் புழுதியைச் சுழற்றி ஒதுக்கும் கிண்ணமும் இருக்கிறது. சக்கரம் கிளப்பும் தூசி கீழேதான் அடர்ந்து கிடக்கிறது என்பதை அதைச் செய்தவர்கள் உணர்ந்திருந்தனர். இன்று ஸ்நார்க்கல் என்று கடைகளில் சொல்லும் பெயர் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்தது. டச்சுக் கடற்படையினர் 1930-களில் தங்கள் கப்பல்களில் பொருத்திய காற்றுக் குழாயை ஜெர்மானியர் இரண்டாம் உலகப் போரில் எடுத்தாண்டு, அதற்கு இட்ட பெயர் அது. நம் நாட்டில் ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற வண்டிகள் இக்குழாயுடனேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன.

வீட்டில் செய்யப்படும் குழாய்களில் நான் காணும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. முதலாவது, குழாயின் விட்டம். பழைய வாய் 3 அங்குலமாக இருக்க, கையில் கிடைத்த 2 அங்குலக் குழாயை வைத்துவிடுகிறார்கள். விட்டத்தில் ஓர் அங்குலம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் காற்றுச் செல்லும் பரப்பு 9-க்கு 4 என்ற விகிதத்தில், அதாவது பாதிக்கும் கீழாகக் குறைந்துபோகிறது. எஞ்சின் திணறும், கறும்புகை வரும், டீசலும் வீணாகும். கூரிய முழங்கை வளைவுகளும் இதே தீங்கைச் செய்யும். இரண்டாவது, தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாய். அது 60 டிகிரி வெப்பத்துக்கு மேல் இளகிவிடும். எஞ்சின் அறையின் வெப்பம் அதைத் தாண்டுவது சாதாரணம். வெளியே வெயிலில் நிற்கும் பாகமும் சில ஆண்டுகளில் நொறுங்கும் தன்மை பெறும். வெப்பம் தாங்கும் ரப்பர் ஹோஸும், இதற்கென்றே வார்க்கப்பட்ட கெட்டியான பிளாஸ்டிக் குழாயும் தக்கவை.

மூன்றாவது குறையே எல்லாவற்றிலும் கெடுதலானது. குழாயைக் கூரை வரை கொண்டுபோய்விட்டு, கீழே இருக்கும் இணைப்புகளையும் வடிகட்டிப் பெட்டியின் மூடியையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தொழிற்சாலையில் செய்த பெட்டி மழைச் சாரலைத் தடுக்கவே செய்யப்பட்டது, நீரில் மூழ்குவதற்கன்று. அதன் அடியில் சேரும் நீரும் தூசியும் வெளியேறச் சிறு துவாரமோ ரப்பர் வாயோ இருக்கும். வண்டி ஆழத்தில் இறங்கினால் அதன் வழியாகவே நீர் மேலேறும். கூரையில் ஒரு மூக்கும் காலடியில் ஒரு மூக்குமாக வண்டி மூச்சுவிடுமானால், மேல் மூக்கினால் என்ன லாபம்? ஒவ்வோர் இணைப்பிலும் கிளிப் இட்டு இறுக்கி, மூடியின் விளிம்பில் புது ரப்பர் போட்டு, அடித் துவாரத்தில் வெளிப்புறம் மட்டுமே திறக்கும் வாயைப் பொருத்த வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யலாம். வண்டியை நிற்கும் நிலையில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு, மேலே உள்ள வாயை ஒரு தட்டையான பலகையால் கணநேரம் மூடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் இணைப்புகள் சரி. ஓடிக்கொண்டே இருந்தால் வேறெங்கோ வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை அந்தக் குழாயை நம்பி நீரில் இறங்குதல் ஆகாது.

மட்கார்டை அறுத்த இடத்தில் இரும்பு வெளியே தெரிகிறதல்லவா, அதையும் மறக்கலாகாது. வேறு ஊராயின் சில ஆண்டுகள் தாங்கும். நம் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு வேர்விட்டுவிடும். அறுத்த அன்றே விளிம்பை அரத்தால் தேய்த்துத் துருத்தடுப்பு வர்ணம் பூசிவிட வேண்டும்.

இனிக் கூம்பு வடிவ வடிகட்டியைப் பார்ப்போம். பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி, சேலைக் கொசுவம் போல் நெருக்கமாக மடிக்கப்பட்ட தாள். சிறு பெட்டிக்குள் பெரும் பரப்பை அடக்கும் உபாயம் அது. பெட்டியை நீக்கித் திறந்த கூம்பை வைத்தால், எஞ்சின் வெளிக் காற்றை விட்டுவிட்டுத் தன் அறையின் சூடான காற்றையே இழுக்கும். சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குறைந்திருப்பதால் இழுப்புக் கூடுவதற்கு மாறாகக் குறையும். கூடுவது ஓசை மட்டுமே, அதைத்தான் பலர் வலிமை என்று எண்ணிவிடுகிறார்கள். அத்துடன் உப்பளக் கரைகளில் ஓடும் வண்டிக்கு வேறொரு சங்கடமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைக் கடக்கும்போது உப்புத் துகள் ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் இரவுதோறும் அந்நிலை ஏற்படுகிறது. பகலில் வடிகட்டியில் படிந்த உப்பு இரவில் கரைந்து தாளை நனைத்து, மறுநாள் உள்ளே கசியும். எண்ணெய் தடவிய துணி வடிகட்டிகளில் எண்ணெய் மிகுந்துவிட்டால் அதுவும் உள்ளே சென்று, அண்மைக்கால வண்டிகளில் உள்ள காற்றளவுக் கருவியின் நுண்ணிய உணர்ச்சிப் பாகத்தில் படியும். அக்கருவி தவறான அளவைச் சொன்னால் எஞ்சினின் டீசல் கணக்கும் தவறும்.

தாள் வடிகட்டியைத் தரையில் தட்டுவதும், சோப்பு நீரில் அலசுவதும் கூடாது. குறைந்த அழுத்தக் காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊத வேண்டும். பின்னர் உள்ளே ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்து, எங்கேனும் ஒளி புள்ளியாகத் தெரிந்தால் அதை எறிந்துவிடலாம். உப்பளத்தில் ஓடும் வண்டிக்கு ஊதிச் சுத்தம் செய்வதை விடப் புதிது வாங்குவதே சிக்கனம். நூல் பாரம் ஏற்றித் தறிக்கூட வாசலில் நிற்கும் வண்டிகளில் பஞ்சுத் தூசி மடிப்புகளை விரைவில் அடைத்துவிடும் என்பதை நெசவாள அங்கத்தினரும் கவனிக்க வேண்டும்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் வண்டி மூழ்கிவிட்டால், நீர் வடிந்த பிறகு சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் நின்ற எஞ்சின்களில் பல, வெள்ளத்தினால் அன்றி, அந்த ஒரு திருப்பினாலேயே உடைகின்றன. பாட்டரி இணைப்பைக் கழற்றி, வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாள் நனைந்திருந்தால் வண்டியை நியூட்ரலில் வைத்துக் கட்டி இழுத்தே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கியரில் வைத்துத் தள்ளுவதும் எஞ்சினைச் சுழற்றும், ஆகவே அதுவும் கூடாது. மெக்கானிக் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றுவார். எஞ்சின் எண்ணெயோடு கியர் பெட்டி, அச்சு ஆகியவற்றின் எண்ணெயையும் மாற்றச் சொல்லுங்கள். சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது அதன் காற்றுத் துவாரம் நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

சட்ட விஷயம் ஒன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே மட்கார்டில் அரத்தை வைக்கும் முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்துப் பதில் பெறுக. வண்டி சங்கத்தின் அல்லது மத்தியக் கூட்டுறவு வங்கியின் கடனுக்கு ஈடாக இருக்குமானால், அங்கும் எழுத்து மூலம் இசைவு பெற்று, அதன் நகலைக் கடன் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். மூன்றாம் நபருக்கான பாலிசி மட்டும் உள்ளவருக்கு வெள்ள நஷ்டத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுப் பாலிசி உள்ளவருக்கும், நீரில் நின்ற எஞ்சினை இயக்கியதால் ஏற்பட்ட சேதம் பின்விளைவு நஷ்டம் என்று சொல்லி மறுக்கப்படுவதுண்டு. எஞ்சினுக்கென்று தனியாகச் சேர்க்கப்படும் பாதுகாப்புத் தங்கள் வகை வண்டிக்குக் கிடைக்குமா என்பதை, ஐப்பசி மழைக்கு முன்னர் வரும் புதுப்பித்தலின்போதே ஏஜெண்டிடம் கேட்டறிவது நலம்.