மீனுக்கும் உண்டு மருந்துக் கணக்கு!

எங்கள் பொன்னமராவதிப் பெண்கள் என்னிடம், "பண்ணை மீனைக் குழந்தைக்குக் கொடுக்கலாமாக்கா?" என்று கேட்பதுண்டு. தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நோய்க்காக ஆன்டிபயாடிக் கொடுத்த மீனை, மருந்து அதன் உடம்பிலிருந்து கழியும்வரை பிடிக்கக் கூடாது. 2012-இல் வந்த விதிப்படி, இந்தக் காத்திருப்புக் காலத்தை மருந்தின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ஆராய்ந்து குறிக்கப்படாத மருந்தென்றால் மீனுக்குக் குறைந்தது 500 'டிகிரி நாள்'. அதாவது, குளத்துத் தண்ணீரின் சூடு 25 டிகிரி என்றால் 20 நாள்.

குழம்பில் கொதித்தால் போய்விடாதா? எல்லா மருந்தும் போகாது. அந்த மிச்சத்துக்குக் கிருமிகள் பழகிவிட்டால், நாளைக்கு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து கேட்காது.

ஆகவே சகோதரிகளே, செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு, "மருந்து போட்டு எத்தனை நாளாச்சுண்ணே?" என்றும் கேளுங்கள்.