முதலில் பெட்ரோலைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பெட்ரோலில் ஓடும் சிறிய லோடு வண்டி அவருடையது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் டேங்கை நிரப்பினார். வீடு வரும்வரை தொந்தரவு இல்லை. மறுநாள் விடியற்காலையில் வண்டி மேடேற மறுத்துக் குலுங்கியது. மெக்கானிக் பிளக் மாற்றினார், காயில் மாற்றினார். இப்போது பெட்ரோல் பம்பையே மாற்றவேண்டும் என்கிறாராம்.

சற்றுப் பொறுங்கள். வயிற்றுவலி என்று போனால், எங்கள் ஊர் வைத்தியர் நாடியைத் தொடும் முன்பே “நேத்து எங்க சாப்பிட்ட?” என்று கேட்பார். வண்டியிடமும் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

ஸ்கேனரை மாட்டினால் பாதி விடை கிடைத்துவிடும். பிளக்கோ காயிலோ கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே சிலிண்டர்தான் திரும்பத் திரும்ப மிஸ்ஸிங் காட்டும். கோளாறு பெட்ரோலில் இருந்தால் எல்லா சிலிண்டர்களும் மாறி மாறித் தடுமாறும். ஸ்கேனரில் பி0300 என்று வரும். கூடவே பி0171 வந்தால், புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது, காற்றுக்குத் தக்க எரிபொருள் சேரவில்லை என்று பொருள். பெட்ரோல் போட்ட கையோடு இவை தொடங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

மாலையில் ஓடிய வண்டி காலையில் ஏன் படுத்தது? என்னை எப்போதும் வியக்கவைக்கும் விஷயம் இதுதான். நம் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025இல் அதன் அளவு 20 சதவீதத்தைத் தொட்டது. வெறும் பெட்ரோலில் தண்ணீர் கரையாது, அடியில் தங்கிவிடும். எத்தனாலோ தண்ணீரோடும் சேரும், பெட்ரோலோடும் சேரும். அதனால் கொஞ்சம் தண்ணீரை அது வெளியே தெரியாமல் தாங்கிக்கொள்கிறது. 10 சதவீதம் எத்தனால் கலந்த 100 லிட்டர் பெட்ரோல், 15 டிகிரி வெப்பத்தில், ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர்வரை தாங்கும். எத்தனால் கூடினால் தாங்கும் அளவும் கூடும்; குளிர்ந்தால் குறையும்.

எல்லை மீறிய கணத்தில் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து அடியில் இறங்குகின்றன. டேங்கில் விழுந்தது சில தம்ளர் தண்ணீர்தான் என்றாலும், அடியில் தேங்குவது பல லிட்டராக இருக்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து நிற்கிறது. மழைநீர் சேர்ந்தும் மாலையில் தாங்கிய கலவை விடியற்காலைக் குளிரில் பிரிந்திருக்கலாம் என்பதே வாசகருக்கு என் ஊகம்.

ஊகத்தைச் சோதிக்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், அருகில் நெருப்பில்லாமல், மெக்கானிக்கை வைத்து பெட்ரோல் லைனிலிருந்து சிறிது பிடியுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்தால் காரணம் அகப்பட்டது. தண்ணீரில் கரையும் கேசரி நிறத்தைச் சிட்டிகை போட்டால் அடியடுக்கு மட்டும் நிறம் பிடிக்கும். டேங்கை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, நல்ல பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் வண்டி தேறிவிடும். தள்ளிப்போட்டால் அந்த அடியடுக்கு பம்பையும் இன்ஜெக்டரையும் அரிக்கும்; அப்போது பம்ப் செலவு உண்மையாகவே வந்து சேரும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள்.

மண்ணெண்ணெய்க் கலப்படம் வேறு கதை. அது பெட்ரோலோடு முழுக்கக் கலந்துவிடுவதால் பாட்டிலில் கோடு விழாது. எஞ்சின் தட்டும், புகை கூடும். இதைப் பிடிக்க ஃபில்டர் தாள் உதவும். நல்ல பெட்ரோல் சொட்டு இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகும். மண்ணெண்ணெய் கறை விட்டுப்போகும்.

இந்தக் கலப்படத்தைத் தடுக்க உயிரையே கொடுத்தவர் ஒருவர் உண்டு. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பெட்ரோல் பங்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

ஓர் இளைஞர் உயிரைக் கொடுத்துக் காத்த நேர்மையை நாம் வாய்திறந்து கேட்கக்கூடத் தயங்குகிறோம். ஃபில்டர் தாள் சோதனை, அடர்த்திச் சோதனை, ஐந்து லிட்டர் அளவைச் சோதனை ஆகிய மூன்றையும் எந்த பங்கிலும் வாடிக்கையாளர் கேட்கலாம். அடர்த்தி, பங்கின் பதிவில் உள்ளதைவிட கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறியிருந்தால் விளக்கம் கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கட்டும். சோதனை அவருக்கும் சேர்த்துத்தான். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், மழைக்காலத்தில் கட்டாயமாக. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு ஒருநாள் ஓட்டம் நின்றால் ஒருநாள் வருமானம் போகிறது. அதைக் காக்கும் கேள்வியைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.