கொல்லைக் கோழியும் அதன் பகைவரும்

கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பத்தில், அடைவைத்த பன்னிரண்டு முட்டைகளில் பத்துப் பொரிந்து, ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்க்கும்போது மூன்றோ நான்கோ குஞ்சுகளே தாயின் பின்னால் ஓடுகின்றன என்றால், அந்த நஷ்டம் முழுவதையும் பருந்தின் கணக்கிலேயே எழுதிவிடுவது நம்மவர் வழக்கம். பருந்து பட்டப்பகலில் பத்துப்பேர் பார்க்க இறங்குகிறது. மரநாயும் பெருச்சாளியும் சாட்சி வைத்துக்கொண்டு வருவதில்லை. வெள்ளைக்கழிச்சல் என்று கிராமத்தார் சொல்லும் இராணிக்கெட் நோயோ, தடுப்பூசி போடாத கோழிக்கூட்டைச் சில நாட்களில் காலி செய்துவிடும். எந்தப் பருந்தாலும் அவ்வளவு நாசம் செய்ய இயலாது.

ஆகையால் முதலில் உண்மையான குற்றவாளியை அறிந்துகொள்வது அவசியம். பகலில், இரத்தமும் இறகும் சிந்தாமல் குஞ்சு மறைந்தால் பருந்து, வல்லூறு, காகம், செண்பகம் ஆகியவற்றின்மேல் சந்தேகம் கொள்வது நியாயம். பகலிலேயே புதரோரமாகக் கழுத்துக் கடிபட்ட கோழி கிடந்தால் கீரியையும், இரவில் கூட்டுக்குள்ளேயே பல கோழிகள் மாண்டு கிடந்தால் மரநாய் அல்லது காட்டுப்பூனையையும், அடையிலிருந்த முட்டைகள் ஓடுகூட மிஞ்சாமல் போனால் பாம்பையும் நினைக்க வேண்டும். இறகுகள் நாலாபுறமும் சிதறி, கொன்ற கோழி தின்னப்படாமலே கிடந்தால் அது பெரும்பாலும் நாயின் வேலை. வானத்தில் வட்டமிடும் கரும்பருந்து பெரும்பாலும் கழிவு இறைச்சியால் பிழைக்கும் பிராணி. குஞ்சு கிடைத்தால் விடாது என்பது மெய்யே, எனினும் அதைக் கொல்லைக்கு வரவழைப்பது மீன் செதிலையும் கோழிக்குடலையும் வேலியோரம் வீசும் நம்முடைய பழக்கந்தான். புறா அளவேயுள்ள வல்லூறோ வட்டமிடுவதே அபூர்வம்; இலைகளுக்குள் மறைந்திருந்து, தாழப் பறந்துவந்து, தாய்க்கோழி கூவி எச்சரிக்குமுன் காரியத்தை முடித்துவிடும்.

கோபத்தில் கவணையும் கண்ணியையும் தேடுகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பருந்து, வல்லூறு, கீரி, மரநாய், காட்டுப்பூனை, சாரை, நல்லபாம்பு யாவும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட அச்சட்டப்படி, முதல் அட்டவணையில் சேர்ந்த உயிரைக் கொன்றால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஏனைய பல குற்றங்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பனைமரத்திலுள்ள கூட்டைக் கலைத்து முட்டையை உடைப்பதுகூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் கொன்றவனுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. கோழியைக் காக்கக் கொன்றவனுக்கு அந்த விலக்கு இல்லை. கைதட்டி, கூச்சலிட்டு விரட்டவோ வலைகட்டித் தடுக்கவோ ஒருவருடைய தயவும் வேண்டியதில்லை.

விஷம் வைப்பது இதைவிடப் பெரிய விபரீதம். பருந்துக்கென்று வைத்த விஷம் அண்டைவீட்டு நாயையும், அதன் பிணத்தைத் தின்ன வரும் பறவைகளையும் கொல்லும். கொல்லையில் விளையாடும் குழந்தையின் கைக்கும் எட்டும். வேலிக்கம்பியில் மின்சாரம் பாய்ச்சி மனிதரே மாண்ட செய்திகளையும் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு ஒரு பருந்து ஒழிந்தாலும், இரை கிடைக்கிற இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும்.

பழைய உபாயங்களுள் பஞ்சாரத்துக்கு நிகரானது இல்லை என்பது என் அபிப்பிராயம். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய கூடையைக் கவிழ்த்து, நாயும் பூனையும் புரட்டாதபடி மேலே ஒரு கல்லை ஏற்றி, உள்ளே தாயையும் குஞ்சுகளையும் விட்டு, அரிசி நொய்யும் ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வைத்து, முதல் நான்கு வாரங்களாவது வளர்த்துவிட்டால் பருந்தின் பயம் பெருமளவு தீர்ந்தது. வெளியே விடும் காலத்தில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனத்துத் தாய் பெரிய துணை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பருந்தின்மேலேயே பாயும் சுபாவம் அதற்கு உண்டு. சேவலும் காவல்காரன்தான், வானத்துப் பகைக்கு ஒரு குரலும் தரைப்பகைக்கு வேறொரு குரலும் கொடுப்பதைக் கூர்ந்து கேட்டால் அறியலாம். ஆனால் எச்சரிக்கை கேட்டதும் ஓடி ஒளிய இடம் வேண்டுமே! மொட்டையாகப் பெருக்கிவைத்த முற்றத்தில் குஞ்சு எங்கே போகும்? வாழைக்கன்று, செம்பருத்திப் புதர், நாலு கழியின்மேல் தாழப் பரப்பிய தென்னங்கீற்று ஆகியவை பத்தடிக்கு ஒன்றாக இருந்தால் போதும். மினுங்கும் தகட்டையும் வைக்கோல் பொம்மையையும் நம்புகிறவர்கள் அவற்றை அடிக்கடி இடம் மாற்றவேண்டும். அசையாத பொம்மையின் இரகசியம் காகத்துக்குச் சில நாளிலேயே தெரிந்துவிடும்.

இரவுக்குப் பொழுது சாயுமுன் கூட்டை அடைப்பதே பிரதானம். விரல் நுழையாத கண்ணுள்ள கம்பிவலையை அடித்து, அதைத் தரைக்குள் ஓரடியாவது இறக்கினால், தோண்டிவரும் பெருச்சாளியும் கீரியும் திரும்பிப் போகும்.

இவ்வளவு காவலையும் மீறி நாய்க்குக் கோழி பலியானால், நஷ்டத்தை ஈடுகட்ட வழி உண்டு. தெருநாய்கள் கொல்லும் ஆடு, மாடு, கோழிகளுக்கு நிவாரணம் அளிப்பதாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்தது. கோழி விற்ற காசு பல வீடுகளில் பெண்களின் சொந்தக் கைக்காசாகையால், அந்த நிவாரணம் சிறு தொகைதானே என்று விட்டுவிடுவது உசிதமன்று. அவசரப்பட்டுப் புதைத்துவிடாமல், மாண்ட கோழிகளைக் கிடந்த இடத்திலேயே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, மரணகாரணத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நாய்க்குச் சொந்தக்காரர் உண்டென்றால், நஷ்டஈடு கோரும் வழக்கிலும் அந்தக் காகிதமே முதல் சாட்சியாகும்.